ஏலத்தில் ஒரு பெயர்: ஜூன் குறிப்புகள்

2025 ஜூன் 3, செவ்வாய்

கையில் இப்போது 23 டொமைன்கள், அதாவது இணையதளப் பெயர்கள். பத்து ஆண்டில் விற்றது மூன்றே மூன்று. ரினியூவல் கட்டணம், வரியோடு சேர்த்து, ஒன்றுக்குச் சுமார் 1,300 ரூபாய், ஆக வருடத்துக்கு முப்பதாயிரம் போகிறது. காலிமனைக்கு வரி கட்டுகிற கதைதான். இதில் இன்று இன்னொன்றின் மேல் கண் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதினால் ஆறே எழுத்து வரும் ஒரு தமிழ்ச் சொல், அதுவும் டாட் காம். பெயரை இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர்களில் யாராவது ஏலத்துக்கு வந்து நின்றால் என்ன செய்வது?

டாட் காம் பெயர் காலாவதியானதும் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு நிறுவனம் 45 நாள் வரை அதைக் கையில் வைத்திருக்கலாம். தேறும் பெயர் என்றால் அந்த இடைவெளியிலேயே ஏலத்துக்கு வந்துவிடும். யாரும் எடுக்காவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் 5 நாள் காத்திருப்பு, அதன்பிறகுதான் பொதுவில் விழும். அது விழும் நேரம் அமெரிக்காவில் மதியம், நமக்கு நள்ளிரவையொட்டி. விழுந்த நொடியிலேயே பிடிக்கப் பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் என்னைப் போன்றவனுக்கு வேலையில்லை. ஏலம்தான் நமக்கு.

ஜூன் 6, வெள்ளி

மாமனார் ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்த பிறகுதான் விலையைச் சொல்வான் என்பார். டொமைனையும் ஒடித்துப் பார்க்க வழி உண்டு. தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் புரட்டினேன். 2012 முதல் 2019 வரை கரூர்ப் பக்கத்தில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் சிறு கம்பெனி ஒன்றின் தளம். மெத்தைவிரிப்பு, சமையலறைத் துண்டு, மங்கலான தறி போட்டோ. அப்புறம் வெள்ளைப் பக்கம்தான். நடுவில் சூதாட்டத் தளமாக மாறிய அடையாளம் ஏதுமில்லை. அப்படிக் கெட்டுப்போன பெயரைத் தேடுபொறியிடம் மறுபடி நல்லபெயர் வாங்க வைப்பது பெரும்பாடு.

அடுத்தது டிரேட்மார்க். இதில் சோம்பினால் போச்சு. சென்னையில் இயங்கும் இணைய நிறுவனமான சிஃபி, தன் பெயரில் ஒரு ‘எஃப்’ கூட்டிப் பதிவு செய்த கம்பெனி மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைனுக்கென்று தனிச்சட்டம் இல்லாவிட்டாலும் வணிகப்பெயருக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று 2004இல் தீர்ப்பு வந்தது. இன்றைய பட்டியலிலும் ஒரு வங்கியின் பெயரில் எழுத்தை மாற்றிப்போட்ட ஒன்று இருந்தது. 40 டாலருக்கே பதினொரு பேர் மோதிக்கொண்டிருக்கிறார்கள். மோதட்டும்.

என்னுடையது அகராதிச் சொல். 180 டாலர், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டேன்.

ஜூன் 11, புதன், நள்ளிரவு தாண்டி

265 டாலர்.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். உச்சவரம்பை முன்பே கொடுத்துவிட்டால் எதிராளி ஏற ஏற எந்திரமே நமக்காகக் கேட்கும். முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது விலை 95. ஜெயித்த மாதிரிதான் என்றிருந்தேன். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் மறுபடி ஐந்து நிமிடம் நீளும். நீண்டது, நீண்டுகொண்டே போனது. எதிரே இருப்பவன் வெறும் எண்தான், முகமில்லை. ஆளா, எந்திரமா, ஏலக்காரனே வைத்த ஆளா? இது வீண் சந்தேகமில்லை. ஸ்நாப்நேம்ஸ் ஏல நிறுவனத்தின் அதிகாரி ஒருவரே 2005 முதல் போலிப் பெயரில் ஏலம் கேட்டுவந்ததை 2009 நவம்பரில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு வித்தியாசத்தை வட்டியோடு தருவதாகவும் அறிவித்தது.

“ஏனுங்க, இன்னும் தூங்கலீங்களா?” என்று மனைவி எழுந்து வந்தாள். வீட்டில் ஏலச்சீட்டு நடத்துகிறவள், எட்டிப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. “சீட்டுல ரொம்பத் தள்ளி எடுக்கறவங்களுக்குப் பண நெருக்கடி. உங்களுக்கு என்னங்க நெருக்கடி?”

பதில் சொல்வதற்குள் 240ஐ அழுத்தியிருந்தேன். 265இல் எதிராளி விட்டுவிட்டான். மானிட்டரில் ஒட்டிய தாளை அவள்தான் கிழித்தாள்.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஒரே குடைச்சல். சமாதானத்துக்குப் பெரிய விற்பனைகளை எண்ணிப் பார்த்தேன். 2009இல் திவாலான கம்பெனியின் சொத்து ஏலத்தில் டாய்ஸ் டாட் காம் 51 லட்சம் டாலர். 2019இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலர். சரி, அங்கே வாங்கியது யார்? ஒன்றில் உலகமறிந்த பொம்மைக்கடை, மற்றதில் பணம் குவித்த பிளாக்செயின் கம்பெனி. மஞ்சளுக்கு இன்று விலை படியாவிட்டால் நாளைக்கு ஒரு விலை உண்டு. பெயருக்கு அப்படிச் சந்தை விலையே இல்லை, அந்த ஒரே ஆள் வரவேண்டும்.

சந்தை விலை மாதிரி ஒன்று இருந்த காலத்தையும் பார்த்தேன். நான்கெழுத்து டாட் காம் மொத்தமே 4,56,976. 2015 கடைசியில் சீன முதலீட்டாளர்கள் அள்ளினார்கள். ஆங்கில உயிரெழுத்தும் ‘வி’யும் இல்லாதவற்றுக்குத்தான் மவுசு. சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் சொல் ‘வி’யில் தொடங்காது. அடுத்த ஆண்டே விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கிய ஒன்று இன்னும் என்னிடம் தூங்குகிறது.

ஜூன் 19, வியாழன்

பெயர் வரவில்லை. பழைய உரிமையாளர் புதுப்பித்துவிட்டாராம். ஏலம் முடிந்தாலும் சில நாள் அவருக்கு அந்த உரிமை உண்டு, விதியிலேயே இருக்கிறது. 265 டாலர் திரும்பிவிட்டது. கார்டு கட்டணத்திலும் மாற்று விகிதத்திலும் எழுநூறு ரூபாய் போனது போனதுதான். தளத்தில் இன்னும் வெள்ளைப் பக்கம், காலாவதித் தேதி மட்டும் 2026. கோபம் வரவில்லை, யாரோ அதை மறக்காமல் இருந்திருக்கிறார்.

அப்புறம் உட்கார்ந்து என் பட்டியலைத் திறந்தேன். ஜூலையில் நான்கு காலாவதியாகின்றன. மூன்றுக்கு ஆட்டோ ரினியூவலை நிறுத்திவிட்டேன், அந்தச் சீன நான்கெழுத்து உட்பட. நான்காவதை மட்டும் விட மனம் வரவில்லை. 2021இல் ஒருவர் அதற்கு 400 டாலர் தருகிறேன் என்று எழுதினார். நான் 1,500 கேட்டேன். அதற்கு அவர் பதிலே எழுதவில்லை.