மீனை வெறுங்கையால் தொடலாமா?

மீனைக் கையால் தொட்டால் செத்துவிடும் என்று சொல்லிப் பிள்ளைகளைக் குளத்தங்கரையிலிருந்து விரட்டும் வழக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள எங்கள் மறையூர்ப் பக்கத்தில் இன்றும் உண்டு. அப்படி விரட்டும் பெரியவர்களே, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கிய மீன்குளத்தில் வலை இழுக்கும் நாளன்று, வழுக்காமல் இருக்கட்டும் என்று காய்ந்த துண்டால் மீனை அழுத்திப் பிடிப்பார்கள். இவ்விரண்டில் மீனுக்குக் கேடு செய்வது பிள்ளையின் விரல் அன்று, அந்தத் துண்டுதான்.

நம் தோலின் மேற்பரப்பு இறந்து கெட்டிப்பட்ட உயிரணுக்களால் ஆனது. மண்வெட்டிக் காம்பின் உரசலையும் அது தாங்கும். மீனுக்கு அந்தக் காப்பு இல்லை. செதில்தான் அதன் வெளிச்சுவர் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் செதில் உட்தோலில் ஊன்றியிருக்க, அதன்மேல் உயிருள்ள மெல்லிய புறத்தோலும், அதற்கும் மேலே வழவழப்பான கோழையும் படர்ந்திருக்கின்றன. கிருமிகளை அழிக்கும் லைசோசைம் என்னும் நொதி அந்தக் கோழையில் இருக்கிறது. நனைந்த கையால் லேசாகத் தாங்கும்போது போகும் சிறிதளவு கோழையை மீன் திரும்பச் சுரந்துகொள்ளும். காய்ந்த துணியோ, சாக்கோ, வெயிலேறிய பாறையோ உரசினால் கோழையோடு புறத்தோலும் செதிலும் சேர்ந்து உரிகின்றன.

நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு வெளித் தண்ணீரில் இருப்பதைவிட மிகுதி என்பதால், தோல் கிழிந்த இடத்தின் வழியே தண்ணீர் உள்ளே புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. மீன்குஞ்சுகளை வண்டியில் ஏற்றுகிறவர்கள் தண்ணீரில் சிறிது கல்லுப்பைக் கரைப்பது இந்த இழப்பைக் குறைக்கத்தான். துண்டால் பிடித்துத் திரும்ப விடப்பட்ட ஒரு கட்லாவைப் பிறகு பார்த்தேன்: முதுகின் ஓரத்தில், விரல்கள் அழுந்திய இடத்தில் செதில் இல்லை, வெளிறிய தோலின்மேல் பஞ்சுபோல வெண்பூசணம் படர்ந்திருந்தது. காயம்பட்ட தோலில் பற்றும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணம் இப்படித்தான் தோன்றும்.

கையின் சூடு மீனைச் சுட்டுவிடும் என்று சிலர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நனைத்த கையால் சில நொடி பிடிப்பதில் அது முதன்மையான ஆபத்து அன்று. கொசு விரட்டும் களிம்பு பூசிய கையைக் கழுவாமல் குளத்தில் விடுவது அதைவிடக் கவலைக்குரியது.

எல்லாவற்றையும்விடக் கொடியது காற்று. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் செவுளின் நுண்ணிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மீன் மூச்சுத் திணறுகிறது. ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1992-இல் ரெயின்போ டிரவுட் என்னும் குளிர்நீர் மீன்களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். களைக்கும்வரை நீந்தவைத்த மீன்களில், காற்றில் எடுக்கப்படாதவற்றில் 12 மணி நேரத்துக்குப் பின் 88 விழுக்காடு உயிரோடு இருந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 விழுக்காடும், 60 விநாடி வைத்தவற்றில் 28 விழுக்காடுமே பிழைத்தன. எல்லா மீனுக்கும் இதே கணக்குப் பொருந்தாது. ஆயினும் தூண்டிலில் போராடிக் களைத்த மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் நேரம் மீனுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது இதில் தெரிகிறது.

இங்கே இது எனக்குக் கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. மறையூரைத் தாண்டிச் சின்னாறு வழியே அமராவதி அணைக்குப் போகும் பாம்பாற்றில் கிடைத்த மீனை வைத்துத்தான் 2007-இல் டோர் ரெமாதேவி என்ற மாசீர் (பெரிய ஆற்றுக் கெண்டை) இனம் அறிவியலில் பதிவானது. காவிரியின் பெருங்கூனல் மாசீரும் இதே இனம்தான் என்று 2018-இல் தெளிவானது. அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அது அறிவிக்கப்பட்டது. நம் வலையில் தவறி விழும் ஒரு குஞ்சு அதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே, எதையாவது திரும்ப விடுவதாக இருந்தால், முதலில் கையை அந்தத் தண்ணீரிலேயே நனைத்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்தாமல், செவுளுக்குள் விரல் நுழைக்காமல், இரு கைகளாலும் கிடையாகத் தாங்குங்கள். கூடுமானவரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். பிள்ளைகளையும் கையை நனைக்கச் சொல்லிவிட்டுத் தொடவிடுங்கள்.