ஓமன் காலேஜ் வேலைக்கு என்ன துணி எடுக்க?

பாளையங்கோட்டையில தெருவுக்கு நாலு வாத்தியார் வீடு உண்டு, அதுல ஒரு வீட்லயாவது ஓமன்லயோ சவுதியிலயோ எத்தியோப்பியாவுலயோ காலேஜ்ல பாடம் நடத்துத ஆளு இருப்பாங்க. அதனால வேலை கிடைச்ச உடனே சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், மெடிக்கல், விசான்னு எல்லாத்தையும் யார்கிட்டயாவது விசாரிச்சிருவாங்க. துணி விஷயத்தை மட்டும் ஒருத்தரும் கேக்கதில்ல, நேரா டவுனுக்குப் போய் கோட்டு சூட்டு தைக்கக் குடுத்துட்டு வந்துருதாங்க. எங்க சித்தி மவனும் இப்போ அதைத்தான் பண்ணியிருக்கான். "எக்கா, வெளிநாட்டு யுனிவர்சிட்டில்லா, கோட்டு இல்லாம எப்டி?"ங்கான். ஏல, அங்க மே மாசம் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், பார்க்கிங்ல இருந்து டிபார்ட்மென்ட் வாசலுக்குப் போறதுக்குள்ள கோட்டு நனைஞ்சிரும்.

நான் நிஸ்வா பக்கம் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்தினவ, அதனால ஓமன் கதையைத்தான் சொல்லுதேன். அங்க பையங்க திஸ்தாஷா போட்டுத்தான் கிளாஸுக்கு வருவாங்க, கணுக்கால் வரைக்கும் வார நீள அங்கி, காலர் கிடையாது, கழுத்துக்கிட்ட சின்னதா ஒரு குஞ்சம் தொங்கும், அதை ஃபுராக்கான்னு சொல்லுவாங்க, அதுல அத்தர் தொட்டுக்கிட்டு வருவாங்க. தலையில எம்பிராய்டரி போட்ட கும்மா தொப்பி, இல்லன்னா முஸ்ஸர்னு ஒரு தலைப்பாகை. காலையில எட்டு மணி கிளாஸா இருந்தாலும் அந்த வெள்ளைத் துணியில ஒரு சுருக்கம் பாக்க முடியாது. பொம்பளைப் பிள்ளைங்க கருப்பு அபாயா, உடம்பு முழுக்க மூடுத அங்கி, அதுவும் அதே மாதிரி நறுவிசா இருக்கும். இப்படி ஒரு கிளாஸ் முன்னாடி போய் நின்னு பாருங்க, உங்க சட்டை என்ன விலைன்னு எவனும் யோசிக்க மாட்டான், கசங்கியிருக்கா இல்லையான்னுதான் கண்ணு போகும். அதனால கோட்டுக்குப் போடுத காசை நல்ல அயர்ன் பாக்ஸுக்கும் ஷூவுக்கும் போடுங்க. முழுக்கை சட்டை, பேன்ட், கருப்பு ஷூ, இன்டர்வியூவுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ஒரு டை, ஆம்பளைங்களுக்கு இது போதும். தெருவுக்குத் தெரு லாண்டரி உண்டு, பெரும்பாலும் நம்ம கேரளாக்காரங்களோ பங்களாதேஷ்காரங்களோதான் இருப்பாங்க, கணக்கு பைசாவுல வரும், அங்க ஒரு ரியாலுக்கு 1000 பைசா, அதனால தொகையைக் கேட்டுட்டு முதல்ல பதறாதீங்க.

இப்போ சேலை. கட்டலாமான்னு கேட்டா தாராளமா கட்டலாம், பொட்டு வைக்கலாம், ஓமன்ல அதுக்கெல்லாம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லுததில்ல, மஸ்கட்ல சிவன் கோயிலே இருக்கு. சிக்கல் சேலையில இல்ல, ஜாக்கெட்ல. போர்டுல மேல எழுத கையைத் தூக்கும்போது இடுப்பு தெரியும்லா, நம்ம ஊர்ல அதை யாரும் கண்டுக்கிட மாட்டாங்க, அங்க முன்னாடி உக்காந்திருக்க பையன் தலையைக் குனிஞ்சுக்கிடுவான், அவனுக்கும் சங்கடம் நமக்கும் சங்கடம். ஊர்லயே தைக்கும்போது நீளம் ரெண்டு இஞ்ச் கூட வச்சு, கை முழங்கை வரைக்கும், முதுகு மூடி தைக்கச் சொல்லிருங்க. டெய்லர் அண்ணாச்சி "என்ன டீச்சர், ஆச்சி ஜாக்கெட்டால்லா கேக்கிய"ம்பாரு, சொல்லிட்டுப் போறாரு. எனக்கு சங்கரன்கோவில் காட்டன் சேலைன்னா உசுரு, ஆனா தினமும் கஞ்சி போட்டு தேய்க்க யாரால முடியும், வியாழக்கிழமை மட்டும் கட்டுவேன், அங்க வெள்ளி சனிதான் லீவு. மத்த நாளு முழங்காலுக்குக் கீழ வார குர்தா, லூசான பேன்ட், துப்பட்டா. லெக்கின்ஸ் போட்டு சைடுல ஸ்லிட் ஏறின டாப்ஸ் கிளாஸுக்கு வேண்டாம், எவ்வளவு ஃபேஷனா இருந்தாலும் சரி.

லேப்ல இது எதுவும் செல்லாது. பர்னர் பக்கத்துல முந்தானையும் ஆடக்கூடாது துப்பட்டாவும் ஆடக்கூடாது, பாலியஸ்டர்னா தீப்பிடிச்சதும் உருகி தோல்லயே ஒட்டிக்கிடும். சல்ஃப்யூரிக் ஆசிட் ஒரு சொட்டு காட்டன் துணியில தெறிச்சா அந்த நேரம் தெரியாமக்கூட போகும், துவைச்சுக் காயப்போடும்போது ஓட்டை ஓட்டையா இருக்கும். அதனால காட்டன் லேப் கோட், பட்டன் எல்லாம் போட்டு, கால் விரல் மூடுத ஷூ. அபாயாவுக்கு கை அகலம், அந்தப் பிள்ளைங்களை மேல லேப் கோட் மாட்ட வச்சுத்தான் உள்ள விடணும், நாமளே முந்தானையைத் தொங்க விட்டுக்கிட்டு நின்னா அதை எந்த வாயால சொல்ல?

வெளிய அந்த வெயில், கிளாஸுக்குள்ள ஏசி குளிரு. டிபார்ட்மென்ட்ல ஒரு கார்டிகன் கிடக்கட்டும்.

சவுதி வேற கதை. 2019-ல டூரிஸ்ட் விசா திறந்தப்போ வெளிநாட்டுப் பொம்பளைங்களுக்கு அபாயா கட்டாயம் இல்லன்னு சொன்னாங்கதான், ஆனா காலேஜ் வேலைன்னா அந்தந்த காலேஜ் சொல்லுததுதான் சட்டம், ஆஃபர் லெட்டர் வந்ததும் எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கிடுங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு, சாக்ஸ். ஸ்டூடன்ட்ஸ் வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, ரொம்ப ஆசையா கூப்பிடுவாங்க, மஜ்லிஸ்ல, அதாவது விருந்தாளிங்க உக்காருத கூடத்துல, செருப்பு ஷூ எல்லாம் வாசல்லயே கழட்டிட்டு தரையில உக்காரணும், பேரீச்சம்பழம், கஹ்வாங்கிற காப்பி, அப்புறம் அவங்க ஊரு அல்வா வரும் (அது அல்வாவா இல்லையாங்கிறதை நம்ம ஊர்க்காரங்க முன்னாடி பேசாதீங்க, சண்டையாயிரும்). அங்க போய் கட்டைவிரல் எட்டிப்பாக்குத சாக்ஸோட உக்காந்தா என்ன மரியாதை. சம்மணம் போட முடியாத டைட் பேன்ட்டும் ஆகாது.

அப்புறம் சாரம், அதான் லுங்கி. வீட்டுக்குள்ள கட்டிக்கோங்க, பால் வாங்க அதோட கீழ இறங்காதீங்க தம்பிகளா, சூப்பர் மார்க்கெட்ல பில் போட நிக்கும்போது பின்னாடி "குட் ஈவ்னிங் சார்"னு ஒரு குரல் கேக்கும்.

திருவனந்தபுரத்துல ஃப்ளைட் ஏறும்போது முதல் நாளு போடுத துணி செட்டை சர்டிபிகேட் ஃபைலோட கைப்பையிலயே வச்சுக்கிடுங்க. பெட்டி லேட்டா வந்தாலும் மறுநாள் ஜாயினிங் ரிப்போர்ட் குடுக்கப் போய்த்தான் ஆகணும்.