வீட்டில் நடப்பது போல

"பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா?" என்று, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பரிசோதித்த எலும்பு மருத்துவர் கேட்டதும், சித்தப்பா மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார்.

நான்கு எக்ஸ்ரே, ஆதார் நகல், மருந்துச் சீட்டுகள், நடுவில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. பரணில் கிடந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிய்த்தபோது முழங்கால் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு.

மருத்துவர் அலுத்துக்கொள்ளவில்லை. டேப்பால் இரண்டு கால்களையும் அளந்தார். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று குறித்துக்கொண்டார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆனால் சலுகைகள் பலவற்றுக்கும் 40 சதவீதக் குறைபாடுதான் வாசற்படி. 38 என்று எழுதிவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்கள்."

அங்கேதான் வந்தது வினை. சித்தப்பா காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். முப்பது வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டுவது தெரியாமல் நிமிர்ந்து நடந்தார்.

பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான் நடந்தாராம். சித்தி சொல்வாள்.

"சித்தப்பா, வீட்டில் நடப்பது போல நடங்கள்" என்றேன் மெதுவாக.

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.