முதுகு நோவுள்ள குதிரையை வண்டிக்குப் பழக்குவது: இதுவரை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை. தரையில் தங்கமான பிள்ளை. ஜீனி (சேணம்) போட்டு ஏறினால் மட்டும் காதை மடக்கி, வாலைச் சுழற்றும். எக்ஸ்ரே எடுத்ததில் காரணம் தெரிந்தது. ஜீனி உட்காரும் இடத்தில் முதுகெலும்பின் முள் முனைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. குதிரைக்கு விலா எலும்பு சேரும் முதுகெலும்பு 18. அதில் பின்பாதியில்தான் இந்தத் தொல்லை அதிகம். சவாரியை நிறுத்தச் சொன்ன டாக்டரிடமே, வண்டிக்குப் பழக்கலாமா என்று கேட்டேன்.

முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டில் கோளாறு என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்றார். இழுக்கும் விசை பின்னங்காலில் கிளம்பி இடுப்பு வழியாகத்தான் முன்னுக்குப் போகிறது. இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும் பின்பக்கம்தான். இவளுக்கு அங்கே பழுதில்லை என்று பரிசோதித்துப் பார்த்த பிறகே சம்மதித்தார்.

முதலில் பாரமே இல்லை. நீளக் கயிற்றில் லகான் கட்டி, நான் பின்னால் நடந்தபடி ஓட்டினேன். தலையைத் தாழ்த்தி, வயிற்றை இறுக்கி, முதுகை மேலே தூக்கி நடக்க வேண்டும். அந்தச் சதை வலுத்தால்தான் எலும்பு விலகி நிற்கும். இதில் அவசரப்படவே கூடாது. அப்புறம் பழைய டயர் ஒன்றை இழுக்கவிட்டேன். மார்ப்பட்டையில் பாரம் விழுந்ததும் தோளைக் கொடுத்து இழுத்தாள், வால் அசையவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

வண்டி பூட்டும்போதுதான் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி இழுத்தால் முதுகில் பாரமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரட்டைச் சக்கர வண்டியில் அது பாதிதான் உண்மை. ஆள் முன்னால் தள்ளி உட்கார்ந்தால் குதிரையின் இரண்டு பக்கமும் நீளும் வண்டிக் கம்புகள் கீழே அழுந்தி, முதுகுப்பட்டை வழியாக அவள் மேல் இறங்கும். எங்கள் ஊரில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஏறி உக்காந்ததும் ஒருத்தரை விட்டுக் கம்புக்கடியில கை குடுத்துத் தூக்கச் சொல்லு கண்ணு. ஒரு கையில லேசா எந்திரிக்கோணும்," என்றார். எங்கள் வண்டியில் கம்பு அசையவே இல்லை. இருக்கையைக் கழற்றிப் பின்னுக்கு நகர்த்தி மாட்டினோம். ரொம்பப் பின்னுக்குப் போனாலும் வம்பு: கம்பு மேலெழும்பி வயிற்றுப்பட்டை இறுகும். நகர்த்தி நகர்த்தித்தான் சரியான இடம் கிடைத்தது.

இப்போது ஒற்றை ஆளோடு சமதரை மண்பாதையில் நடையும் கொஞ்சம் துள்ளோட்டமும். ஒவ்வொரு முறையும் அவிழ்த்ததும் முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்க்கிறேன். நெளிந்தால் மறுநாள் ஓய்வு. நாற்சக்கர வண்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்; அதில் ஆள் பாரம் முழுவதையும் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். ஏற்ற இறக்கப் பாதைக்கு, டாக்டர் மறுபடி பார்த்துச் சரி சொன்ன பிறகுதான்.