குதிரைப் பாய்ச்சலை எண்ணிப் பழைய சுருளைக் கண்டறிதல்: 1932-ஆம் ஆண்டு வெஸ்டர்ன் ஒன்றில் செய்து பார்த்தது

ஜான் வெய்ன் நடித்து 1932-இல் வார்னர் வெளியிட்ட 'தி பிக் ஸ்டாம்பீட்' படத்தில் எந்த ஷாட் புதிதாக எடுக்கப்பட்டது, எந்த ஷாட் பழைய கௌபாய் நாயகன் கென் மேனார்டின் மௌனப் படங்களிலிருந்து எடுத்துச் செருகப்பட்டது என்பதை, மூலச் சுருள் கையில் இல்லாமலே, படத்துக்குள் இருக்கும் சான்றுகளை மட்டும் வைத்துப் பெருமளவுக்குப் பிரித்துவிட முடியும் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஷாட்டுகளை இப்படிப் பிரிக்க நான் போட்டுவந்த, நெடுநாளாக முரண்டு பிடித்த அட்டவணை இந்த வாரம்தான் ஒழுங்குக்கு வந்தது. அந்த மகிழ்ச்சியில் இதை எழுதுகிறேன்.

லியோன் ஷ்லெசிங்கர் தயாரிப்பில் 1932, 1933 ஆண்டுகளில் வெய்ன் நடித்த ஆறு படங்களும் மேனார்டின் பழைய காட்சிகளைப் பயன்படுத்திக்கொள்ளும் திட்டத்துடனேயே உருவானவை என்பது இவ்வகைப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். தொலைவுக் காட்சியில் சவாரி செய்பவர் மேனார்டாகவும் அண்மைக் காட்சியில் வெய்னாகவும் இருக்கும்போது பார்வையாளருக்கு உறுத்தக்கூடாது என்பதற்காக, வெய்னுக்கு மேனார்டைப் போலவே உடை அணிவித்தார்கள். மேனார்டின் குதிரையான டார்சானுக்கு ஈடாக டியூக் என்ற வெள்ளைக் குதிரையையும் கொடுத்தார்கள். ஆகவே உடையும் குதிரையின் நிறமும் நமக்குச் சான்றாகப் பயன்படா. அவை நம் கண்ணை ஏமாற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டவை.

நான் முதலில் கையில் எடுத்தது ஃபிரேமின் இடது ஓரத்தை. மௌனப் படக் காமிரா, சுருளின் இரு பக்கத் துளைகளுக்கும் நடுவிலுள்ள முழு அகலத்திலும் படம் பிடித்தது. பேசும் படம் வந்ததும் இடது பக்கத்தில் ஒரு பட்டை ஒலித்தடத்துக்குப் போய்விட்டது. பழைய நெகடிவை அளவு குறைக்காமல் அப்படியே புதிய படத்தில் சேர்த்தால், இடது ஓரம் வெட்டுப்பட்டு, நடுவில் இருக்க வேண்டிய சவாரிக்காரர் சற்றே இடப்புறம் ஒதுங்கித் தெரிவார். மேலும் கீழும் சிறிது போய்விடுவதால் தொப்பியின் உச்சியும் சில இடங்களில் அறுபடும். அசையாத காமிராவில் எடுத்த ஷாட்டுகளுக்கு இந்தச் சோதனை போதுமானது. காமிரா கார் மேல் ஏறிக்கொண்டு குதிரையைத் துரத்தும் ஷாட்டுகளில் நடுப்புள்ளியே நிலையாக இருப்பதில்லை என்பதால் அங்கே இது பயன்படாது. இவ்வகைப் படங்களில் பாதிக்கு மேல் துரத்தல்தான்.

அதனால்தான் குளம்படிக்கு வந்தேன். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை வேகத்தைக் கூட்டும்போது முக்கியமாக எட்டு வைக்கும் தூரத்தைத்தான் கூட்டுகிறது. நொடிக்கு இத்தனை பாய்ச்சல் என்ற கணக்கு அதிகம் மாறுவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு இரண்டு முதல் இரண்டரை வரை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால், நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் எடுத்த படத்தில் ஒரு பாய்ச்சல் முடிய 10 முதல் 12 ஃபிரேம் ஆக வேண்டும். அதே குதிரையை நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒரு பாய்ச்சல் 7 முதல் 9 ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். எண்ணத் தொடங்குவதற்கு நான் தேர்ந்துகொண்டது நான்கு கால்களும் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் குதிரை தரையைவிட்டு முழுதாக எழும்பியிருக்கும் நிலை. 1878-இல் பாலோ ஆல்டோவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்து உலகுக்குக் காட்டிய அதே நிலை. புழுதி குளம்புகளை மறைக்கும் இடங்களில் குதிரையின் தலையசைவை எண்ணலாம். நாலுகால் பாய்ச்சலில் தலை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு முறைதான் தாழ்ந்து எழும் என்பதால் கணக்கு பிசகுவதில்லை.

இனி இந்த வேலையின் உண்மையான முள். அமெரிக்க டிவிடிகளில் பலவற்றில் நான்கு ஃபிலிம் ஃபிரேம்கள் ஐந்து வீடியோ ஃபிரேம்களாக விரித்துப் பதிவாகியுள்ளன. அந்த வீடியோவிலேயே நேராக எண்ணினால், 8 ஃபிரேமில் முடிய வேண்டிய வேகமான மௌனப் படப் பாய்ச்சல் 10 என்று வரும். 10 என்பதோ 24-இல் எடுத்த இயல்பான பாய்ச்சலின் எண். திருட்டு மாடு நல்ல மாட்டின் முத்திரையுடன் மந்தைக்குள் நுழைவதைப் போன்றது இது. எனவே எண்ணுவதற்கு முன்னால் டெலிசினியை, அதாவது ஃபிலிமை வீடியோவாக்கும் இந்த விரிப்பை, தலைகீழாக்கி 24-க்குத் திரும்பியே ஆக வேண்டும். அவிசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் டிஎஃப்எம், டிடெசிமேட் என்ற வடிகட்டிகள் இரண்டையும் இந்த வரிசையில் ஓட்டினால் போதும். ஆனால், படத்தொகுப்பு வெட்டு ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு ஒன்று என்ற ஒழுங்கு தடம் மாறியிருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு ஷாட்டின் முதல் பத்து ஃபிரேமையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, இரட்டை ஃபிரேம் எஞ்சவில்லை என்று உறுதிசெய்த பிறகே எண்ணத் தொடங்குகிறேன். இதற்குச் சுருக்குவழி கிடையாது.

பழைய வெஸ்டர்ன்களைத் தொகுப்புகளாக விற்கும் ஒருவரிடம் வாங்கிய வட்டில் இந்த வேலையையே செய்ய முடியாமல் போயிற்று. அதில் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களைக் கலந்து ஒன்றாகக் குழைத்திருந்தார்கள். ஒரே குதிரைக்கு எட்டுக் கால்கள் தெரிந்தன. கலந்ததை மென்பொருளால் சுத்தமாகப் பிரிப்பது மிகக் கடினம். மலிவுத் தொகுப்பு வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் துரத்தல் காட்சி ஒன்றின் மாதிரியைக் கேட்டு வாங்கி நிறுத்திப் பார்ப்பது நல்லது.

டெலிசினி சிக்கல் தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி நின்றது. பேசும் படக் காலத்திலும் துரத்தல்களை வேண்டுமென்றே மெதுவான வேகத்தில் எடுத்துத் திரையில் விரைவாக்கினார்கள். ஆகவே 8 என்ற எண் மட்டும் எதையும் நிறுவாது. இங்கே கைகொடுத்தது சராசரி அல்ல, ஏற்ற இறக்கம். கையால் சுழற்றிய காமிராவில் ஒரே ஷாட்டுக்குள் பாய்ச்சல் கணக்கு 7, 8, 9 என்று ஊசலாடும், அதனுடன் வெளிச்சமும் மெல்லத் துடிக்கும். மோட்டார் பூட்டிய காமிராவில் 8 என்றால் கடைசிவரை 8-தான். இந்த ஊசலாட்டத்தையும் இடது ஓர வெட்டையும் பிரதிக்கு மேல் பிரதி எடுத்ததால் வரும் கரடுமுரடான மணித்தன்மையையும் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான சொரசொரப்பையும்) மூன்று நிரல்களாக அருகருகே வைத்தபோதுதான் ஷாட்டுகள் இரு குவியல்களாகப் பிரிந்தன. மௌனப் படக் காலத்திலேயே மோட்டார் பயன்படுத்திய ஷாட்டுகள் இந்த வலையில் சிக்காது என்பதால், மூன்றில் இரண்டு சான்றாவது பொருந்தாத ஷாட்டை நான் எந்தக் குவியலிலும் சேர்ப்பதில்லை.

இவ்வளவு உழைப்பை இந்தப் படத்துக்குக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நியூ மெக்சிகோ ஆட்சிப்பகுதியின் ஆளுநர் லூ வாலஸ் அனுப்பும் இளம் அதிகாரி ஒருவர், நோவா பீரி நடித்த மாடு திருடும் கும்பல் தலைவனை எதிர்கொள்ளும் கதை இது. இக்கதைக்கு மந்தை வேண்டும். மந்தைக்குப் பணம் வேண்டும். பணம் இல்லாததால் பழைய சுருள் வேண்டும். அடுத்து 1933 முதல் 1935 வரை பால் மால்வெர்ன் தயாரித்த லோன் ஸ்டார் படங்களில் இந்த நெருக்கடிக்கு வேறொரு விடை கிடைத்தது என்பது என் கருத்து. 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி', 'பாரடைஸ் கேன்யன்' போன்றவற்றில் வெய்ன் அடையாளத்தை மறைத்து ஊருக்குள் வரும் அரசு முகவர். பேட்ஜ் சட்டைப்பைக்குள் இருக்கும்வரை கதையின் விறுவிறுப்பு மந்தையை நம்பியிருக்கவில்லை. ஒரு மனிதன் யார் என்ற கேள்வியே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படத்தைத் தாங்கிவிடுகிறது. இது வெறும் கற்பனையும் அல்ல. பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்துக்காகப் பொய்ப்பெயருடன் பல கும்பல்களுக்குள் புகுந்து வேலை பார்த்த சார்லி சிரிங்கோ, தம் கடைசி ஆண்டுகளை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கழித்து 1928-இல்தான் இறந்தார்.

மந்தை வெருண்டோடும் பகுதியில் குதிரையே இல்லாத ஷாட்டுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. மாடுகளின் ஓட்டத்துக்கு நம்பத்தக்க பாய்ச்சல் கணக்கு என்னிடம் இல்லை. அவற்றை ஓர வெட்டை மட்டும் வைத்துத் தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். அதை முடிப்பதற்குள்ளாகவே, டிக் ஃபோரன் நடிப்பில் 1937-இல் மறுபடி எடுக்கப்பட்ட இதே கதையின் நல்ல பிரதி ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டேன். அதிலும் இதே மந்தை ஓடுகிறது என்றால், இரண்டு படங்களிலும் பொதுவாக உள்ள ஷாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இடது ஓரத்தை அளந்துவிடலாம். குதிரை இல்லாத ஷாட்டுகளுக்கு இப்போதைக்கு எனக்குத் தெரியும் வழி அது ஒன்றுதான்.