காணாமற்போன 2.9 டெராபைட்

ஜூன் 14, 2025, சனி. அல்சூர், பெங்களூரு

காலையில் படங்களை ஏற்றப் போனால் வீட்டுச் சர்வரில் 0.9 டெராபைட்தான் மிச்சம் என்கிறது. என் கோப்புகளை ‘டியூ’ கட்டளையால் கூட்டினால் 3.3 வருகிறது. வட்டுகள் எல்லாம் சேர்ந்த பொதுச் சேமிப்பிடமான பூலின் கொள்ளளவு 7.1. ஆக 2.9 டெராபைட்டுக்குக் கணக்கு இல்லை.

மைத்துனரிடம் சொன்னது தவறாகப் போயிற்று. “நாலு டெராபைட் வட்டு மூன்று போட்டீர்களே அத்தான், பன்னிரண்டு எங்கே?” என்று அவர் வேறொரு வழக்கைத் தொடங்கினார். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது. 12 என்பது 10.9 ஆகிவிடும். அதில் மூன்றில் ஒரு பங்கு ரெய்டு-இசட்1 பாரிட்டிக்கு, அதாவது ஒரு வட்டு செத்தாலும் தரவை மீட்க உதவும் உபரித் தகவலுக்கு, போகும். ஆபத்துக்கு உதவும் என்று, இந்த வட்டுகளை நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் தானும் சிறிது முடிந்துகொள்ளும். 7.1 சரியான எண்தான்.

மாலையில் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போய் நான்காவது வட்டின் விலை கேட்டேன். ரெய்டு-இசட்டில் ஒரே ஒரு வட்டைக் கூட்டும் வசதி இந்த ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் கிடைத்தது, கை துறுதுறுக்கிறது. ஓட்டைப் பானைக்கு இன்னும் ஒரு குடம் தண்ணீரா என்று திரும்பிவிட்டேன். வழியில் ஒரு காபி. அதுவே இன்றைய ஆதாயம்.

ஜூன் 15, ஞாயிறு

‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ கட்டளையோடு ‘-ஓ ஸ்பேஸ்’ சேர்த்தால், ஒவ்வொரு டேட்டாசெட்டும் (பூலுக்குள் பிரித்த தனி அறை என்று வைத்துக்கொள்ளலாம்) விழுங்கிய இடத்தைப் பிரித்துக் காட்டும்: இப்போதுள்ள கோப்புகளுக்கு எவ்வளவு, ஸ்னாப்ஷாட்டுகளுக்கு (ஒரு நேரத்து நிலையை அப்படியே உறையவைத்தவை; பிறகு அழித்த கோப்பும் அதில் இருக்கும்) எவ்வளவு, முன்பதிவுக்கு எவ்வளவு, உள்ளே இருக்கும் பிள்ளை டேட்டாசெட்டுகளுக்கு எவ்வளவு. இதை நேற்றே செய்திருக்க வேண்டும்.

‘படங்கள்’ டேட்டாசெட்டில் ஸ்னாப்ஷாட்டுகள் மட்டும் 1.7. பார்த்ததுமே புரிந்தது. தை மாதம் மனைவியின் அக்கா மகன் கல்யாணம். வீடியோக்காரர் எடுத்த மூலக் கோப்புகள் 1.5 டெராபைட்டை இங்கே கொட்டி வைத்திருந்தோம். மார்ச் நடுவில் அழித்தேன். அழித்தேன் என்று நினைத்தேன்.

குழப்பியது அடுத்த படி. ஸ்னாப்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு அவற்றின் அளவுகளைக் கூட்டினால் 0.2 கூடத் தேறவில்லை. மொத்தம் 1.7, உறுப்பினர் எல்லாரும் ஏழைகள். இது என்ன கூட்டுக் குடும்பம்?

ஜூன் 16, திங்கள்

கூட்டுக் குடும்பமேதான். ஒரு ஸ்னாப்ஷாட்டின் பெயரில் எழுதப்படுவது அது மட்டுமே பிடித்து வைத்திருக்கும் தரவு. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் ஒரே தரவைப் பிடித்திருந்தால் அது இரண்டின் கணக்கிலும் வராது, மொத்தத்தில் மட்டும் வரும். தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் 30 நாளில் போய்விட்டன. பிப்ரவரி 1, மார்ச் 1 ஆகிய மாதாந்தர ஸ்னாப்ஷாட்டுகள் ஓராண்டு இருக்கும். கல்யாணம் அந்த இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரியை நீக்கினேன். காலி இடம் அதே 0.9. ஆனால் நேற்று வரை பரம ஏழையாக இருந்த மார்ச், ஒரு நொடியில் 1.5 டெராபைட்டுக்கு வாரிசாகிவிட்டது! சத்தமாகவே சிரித்தேன். பிறகு அதையும் நீக்கினேன். காலி இடம் 2.4.

இரண்டையும் சேர்த்து நீக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை ‘டிஸ்ட்ராய்’ கட்டளையோடு ‘-என்வி’ கொடுத்து, எதையும் தொடாமலே முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். இரவு கையேட்டில் படித்தேன்.

ஜூன் 18, புதன்

ஞாயிறன்று எடுத்த பட்டியலில் முதல் வரியை நான் படிக்கவே இல்லை. தாய் டேட்டாசெட்டான ‘கிடங்கு’, தன் சொந்தக் கோப்புகளுக்கு என்று 1.2 காட்டுகிறது. அங்கே நான் எதையும் வைப்பதில்லை. ‘டியூ’வும் அங்கே ஒன்றுமில்லை என்கிறது.

அலுவலகத்தில் பாதி மனம் இதில்தான். வீடு வந்ததும் ‘மவுண்ட் --பைண்ட்’ செய்து கிடங்கை வேறோர் இடத்தில் திறந்தேன். வழக்கமாகப் பிள்ளை டேட்டாசெட் ஒவ்வொன்றும் தாயின் ஒரு கோப்பகத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும். இப்படித் திறந்தால் அவை மூடாமல், அடித்தளம் மட்டும் தெரியும். அங்கே ‘காப்பு’ என்றொரு கோப்பகம், உள்ளே என் மேசைக் கணினி முழுவதும்.

நடந்தது இது. ஏப்ரல் 20-இல் கும்பகோணம் போயிருந்தோம். அந்த வாரம் இங்கே மழை. மின்சாரம் போய்ச் சர்வர் மறுபடி எழுந்திருக்கிறது. ‘காப்பு’ மறையாக்கம் செய்த டேட்டாசெட்; கடவுச்சொல்லை நான் கையால் கொடுத்தால்தான் ஏறும். ஏறவில்லை. இரவுக் காப்பு நிரல் அங்கே ஒரு வெற்றுக் கோப்பகத்தைக் கண்டது. இதுதான் முதல் முறை போலும் என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிட்டது, அதுவும் மறையாக்கம் இல்லாமல். மே 4 அன்று வந்து நான் கடவுச்சொல் கொடுத்ததும், உண்மையான ‘காப்பு’ அதன்மேல் பாய் விரித்தது போல ஏறிக்கொண்டது. 2.0 பதிப்புக்கு முன்பு லினக்ஸில், காலியாக இல்லாத கோப்பகத்தின் மேல் ஏற மறுத்து இசட்எஃப்எஸ் கத்தியிருக்கும். அந்தக் கத்தலை இப்போது மிகவும் விரும்புகிறேன்.

ஜூன் 21, சனி

அழிக்கும் முன் இரண்டு காப்புகளையும் ஒப்பிட்டேன். பாய்க்கு அடியில் மட்டும் இருந்தவை 14 கோப்புகள். அவற்றில் ஒன்று என் மனைவி என் கணினியில் செய்து, மே மாதம் தெரியாமல் அழித்துவிட்டு ஒரு வாரம் புலம்பிய மொழிபெயர்ப்பு. ஓடிப் போய்க் காட்டினேன். “அதைத்தான் திரும்பச் செய்து அனுப்பிப் பணமும் வாங்கிவிட்டேனே” என்றாள். இருந்தாலும் பிரதி எடுத்துக்கொண்டாள்.

காப்பு நிரலில் ஒரு சோதனை சேர்த்தாயிற்று: டேட்டாசெட் ஏறியிருக்கிறதா என்று முதலில் கேள், இல்லையென்றால் எழுதாமல் நின்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பு.

பிறகு அந்த 1.2 டெராபைட்டை அழித்தேன். காலி இடம்: 2.4. அசையவில்லை. பட்டியலைப் பார்த்தேன், கோப்புகளின் பத்தியில் இருந்த 1.2, ஸ்னாப்ஷாட் பத்திக்கு இடம் மாறியிருக்கிறது. மே 1, ஜூன் 1, போதாததற்கு 30 தினசரிகள்.

இந்த முறை பதறவில்லை. 14 கோப்புகளையும் இவள் பார்த்து முடிக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை ‘-என்வி’ கொடுத்துப் பார்த்துவிட்டு நீக்குகிறேன்.