மழைக்கால வகுப்புகளும் பூக்கார அக்காவும்

புரட்டாசி பிறந்தால் போதும், எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சி வகுப்பு அறிவிப்புகள் வரிசை கட்டி வர ஆரம்பித்துவிடும். மாடித்தோட்டம், பூ அலங்காரம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போவது என்று பலதும் இருக்கும். அதிகம் ஓசூரில்தான், கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ஒன்றிரண்டு. எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். வெயில் தணிந்து, மண் ஈரம் பிடித்து, நட்டது பிழைக்கும் என்று தைரியம் வருகிற மாதங்கள் இவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குக் கிடைப்பதால், ஆடியில் விதைக்காமல் விட்டவர்களும் இப்போது தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் ஒன்றை ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். மண்ணிலும் பூவிலும் பொழுதன்றைக்கும் கை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள், இந்த வகுப்புகளில் பாடம் நடத்த அவர்களைக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதே இல்லை.

போன வருடம் ஒரு பூ அலங்காரப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பச்சை நிற ஃபோம் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஜெர்பராவையும் கார்னேஷனையும் குத்தி நிறுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும், தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளைக் கிள்ளிவிட வேண்டும் (இல்லாவிட்டால் அழுகித் தண்ணீர் கெட்டுவிடும்), தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள், எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் அந்த ஃபோம் ஒரு வகை பிளாஸ்டிக், மக்காது, அதிலிருந்து உதிரும் தூள் தண்ணீரோடு நேராகச் சாக்கடைக்குப் போகிறது. அதற்குப் பதில் கோழிவலைக் கம்பியைக் கொஞ்சம் சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைத்தால் காம்புகள் அப்படியே நிற்கும், அடுத்த முறைக்கும் அதே கம்பி ஆகும். வீட்டில் ஒரு வெண்கல உருளி இருந்தால் இன்னும் நல்லது, பூவை மட்டும் கிள்ளி மிதக்க விட்டுவிடலாம்.

அன்றைக்கு முழுக்க அங்கே ஒரு முழம் பூகூட யாரும் கட்டவில்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பூ விற்கும் ஒரு அக்காவிடம்தான் நான் கட்டக் கற்றுக்கொண்டேன். முதலில் அவர் நாரைத்தான் காட்டினார். வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, ஈரத் துணிக்குள் சுற்றி வைத்திருந்தார். "நாரு காஞ்சா காம்ப அறுத்துடும் கண்ணு" என்றார். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை வைத்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை வைத்து, காம்புகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையமாக மடக்கி, மொட்டுகளின் தலைக்கு மேலாக மாட்டி இழுக்கும். முடிச்சு கிடையாது, சுருக்குதான். இறுக்கினால் காம்பு நசுங்கி மொட்டு வாடும், தளர்த்தினால் தலையில் வைத்த கொஞ்ச நேரத்தில் உதிரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இழுப்பை வாயால் சொல்ல முடியாது, அவர் தன் கையை என் கைமேல் வைத்து இழுத்துக் காட்டித்தான் எனக்குப் பிடிபட்டது. வாசனைக்கு மரு இலையை எங்கே சேர்ப்பது, கனகாம்பரத்தை எத்தனை மொட்டுக்கு ஒருமுறை இடையில் விடுவது, காலையில் பறித்த குண்டுமல்லி மொட்டு சாயங்காலம் விரியும் என்பதால் எத்தனை மணிக்குள் கட்டி முடிப்பது, இத்தனையும் அவருக்கு அத்துப்படி. இதுவும் பூ அலங்காரம்தானே! இதை வகுப்பாக எடுக்கிறீர்களா அக்கா என்று கேட்டதற்கு, "இதையெல்லாம் யாரு கண்ணு காசு குடுத்துக் கத்துக்குவாங்க" என்றார். ஃபோம் வகுப்புக்குக் காசு கொடுத்தோம் இல்லையா, இதற்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

சாமந்தி விவசாயிகளும் அப்படித்தான். ஓசூர் பக்கம் ராத்திரியில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருக்கலாம், தோட்டத்துக்குள் வரிசையாக பல்பு எரியும். திருவிழா எதுவும் இல்லை. சாமந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கத் தோன்றும், அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் அப்படிப் பூத்துக் கொட்டுகிறது. இடையில் வெளிச்சம் காட்டி இரவை உடைத்தால் செடி இன்னும் பொழுது நீளமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே இருக்கும், காம்பும் நீளும். விலை கிடைக்கிற நாளைக் கணக்குப் பண்ணி விளக்கை நிறுத்துவார்கள். மாடியில் தெருவிளக்குக்கு நேராகச் சாமந்தித் தொட்டி வைத்துவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது, தொட்டியை இருட்டுப் பக்கம் நகர்த்துங்கள். நட்ட நாலாவது வாரம் நுனியைக் கிள்ளிவிடவும் வேண்டும், பக்கக் கிளை வெடிக்கும், பூ கூடும். அதே மாதிரி குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வீட்டுச் செடியை அப்படி வெட்ட நமக்கு மனசு வராது. காவேரிப்பட்டணம் பக்கம் ஏதாவது ஒரு மல்லித் தோட்டத்தில், கவாத்து நடக்கிற நாளிலேயே போய் நின்று பார்த்தால் வரும்.

அரசு தரப்பில் நடக்கும் பயிற்சிகளைச் சொல்லாமல் விடக்கூடாது. விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது, இன்று நமக்குத் தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலுமிச்சங்கிரியிலும் ஒவ்வொன்று இருக்கிறது. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், தளியில் இஸ்ரேல் கூட்டு முயற்சியில் வந்த கொய்மலர் (காம்போடு வெட்டி விற்கும் பூ) மகத்துவ மையம். இவ்வளவும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, எங்கோ வேறு மண்ணில், வேறு வெயிலில் எடுத்த வீடியோவைப் பார்த்து உரம் போடுகிறோம். ஓசூரும் தளியும் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அங்கே கேரட்டும் பீட்ரூட்டும் தொட்டியிலேயே நன்றாக வரும். தர்மபுரி அதில் பாதி உயரம்தான். ஒரே வகுப்பில் இரண்டு ஊருக்கும் ஒரே செடிப் பட்டியலைக் கொடுப்பது சரியில்லை, நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் காட்டு நடை. குழந்தைகளை அனுப்புங்கள், ஆனால் யார் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்து அனுப்புங்கள். ஐப்பசிக்குப் பிறகு ராகி முற்றும் சமயத்தில்தான் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் நம் பக்கம் வருகின்றன, ஓசூரை ஒட்டிய சானமாவு காடு வரைக்கும் வரும். 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் மட்டுமே 686 சதுர கிலோமீட்டர். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம். அதற்குப் பதில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கரையில் காலையில் நடந்தாலே போதும், குளிருக்கு வந்த வாலாட்டிக் குருவிகள் தரையில் ஓடி ஓடிப் பூச்சி பிடிப்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். வேலி ஓரத்தில் செங்காந்தள் பூத்திருந்தால் அதன் இலை நுனியைக் காட்டுங்கள், அது சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. கிழங்கு கடும் விஷம், தொடவே கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ராத்திரியெல்லாம் பரணில் உட்கார்ந்து ராகிக்குக் காவல் இருந்த ஒரு பெரியவர் வந்து அரை மணி நேரம் குழந்தைகளிடம் பேசினால், யானை எந்த வழியில் வரும், எப்போது வரும், சத்தம் இல்லாமல் எப்படி வரும் என்று அவர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கும் பஸ் காசோடு அன்றைய கூலியைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

வகுப்பு நடத்துகிறவர்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒதுக்கி, அறிவிப்பில் அவர் பெயரையும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூக்காரர்களுக்கு வியாபார நாள், அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். முகூர்த்த நாளும் வேண்டாம். வியாபாரம் மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்களுக்குத் தோதுப்படும். பூவை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் தீபாவளி முடிந்ததும் அக்காவை வைத்து ஒரு மத்தியானம் நடத்தப் போகிறோம், அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். வருகிறவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வராதீர்கள், நார் கிழிக்க நகம் வேண்டும்.